டெம்பெஸ்டைட்: தமிழ்ல புயற்படிவுன்னு சொல்லலாம்

2019 ஆகஸ்ட்ல நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை கொட்டுச்சுல்ல, அது விட்டப்புறம் எமரால்டு பக்கம் எங்க கேரட் தோட்டத்துக்குக் கீழ இருக்கற வாய்க்கால் மண்ணால ரொம்பிக் கிடந்துச்சு, மம்பட்டியால நேரா வெட்டிப் பாத்தா அடியில ஜல்லி, அதுக்கு மேல மணல், மேலாக்க வழுவழுன்னு செம்மண் சேறு. இதே வேலைய புயல் கடலடியில செஞ்சு, அது அப்படியே கல்லாயிட்டா அதுக்குப் பேருதான் டெம்பெஸ்டைட்.

டெம்பெஸ்டாஸ்ங்கறது லத்தீன் சொல்லு. காலம்னு அர்த்தம் வர்ற டெம்பஸ்ல இருந்து வந்தது, முதல்ல பருவம், அப்புறம் வானிலை, கடைசியா புயல்னு ஆயிடுச்சு. கடைசியில இருக்கற ஐட் பாக்சைட்டுல வர்ற அதே ஐட்தான். நம்ம புயலும் இப்படி மாறி வந்த சொல்லுதாங்க! "புயலென்னும் வாரி"ன்னு 14வது குறள்ல வர்ற புயலுக்கு மழைன்னுதான் பொருள், சூறாவளி இல்ல.

கடல்ல அலைக்கும் அலைக்கும் நடுவுல இருக்கற நீளத்துல பாதி ஆழம் வரைக்கும்தான் தண்ணியோட ஆட்டம் எட்டும். 30 மீட்டர் நீள அலைன்னா 15 மீட்டர், அதுக்குக் கீழ அமைதியா சேறு படிஞ்சுட்டே இருக்கும். புயல்ல அலை 200 மீட்டர் நீளத்துக்குப் போச்சுன்னா 100 மீட்டர் ஆழத்துலயும் ஆட்டம் தெரியும், அந்தச் சேத்த அரிச்சு எடுத்துட்டு, கிளிஞ்சல அடியில விட்டுட்டு, மேல மணல மேடும் பள்ளமுமா வளைஞ்ச மெல்லிசு அடுக்கா போட்டுட்டுப் போகும், புயல் ஓஞ்சதும் பழையபடி சேறு மூடும், புழுவெல்லாம் வந்து துளை போடும்.

தமிழ்ல புயற்படிவுன்னு சொல்றதுதான் எனக்கு சரின்னு படுது. படிவம்னா ஆபீஸ்ல நிரப்பிக் குடுக்கற ஃபாரம்தான் ஞாபகம் வரும், வண்டல்னா ஆத்து மண்ணு.

நம்ம மலையில இத தேட வேண்டாம், நீலகிரி சார்னோகைட் பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல, பயங்கர சூட்டுல உருவான பாறை. கீழ இறங்கி அரியலூர், பெரம்பலூர் பக்கம் போகணும், டைனோசர் காலத்துல அங்க கடல் இருந்துச்சு, கருடமங்கலத்துல கிளிஞ்சல் நெருக்கியடிச்சுக் கிடக்கற சுண்ணாம்புக்கல்லே இருக்கு. ஆனா கிளிஞ்சல் குவிஞ்சு கிடந்தாலே புயல்னு முடிவு பண்ணிடாதீங்க, அடுக்கோட அடிப்பக்கம் அரிச்ச மாதிரி இருக்கா, மேல போகப் போக மணல் பொடியாகுதான்னு குனிஞ்சு பாருங்க.