மூன்று ஆழாக்கு அரிசியும் வயலில் நிற்கும் தண்ணீரும்

கும்பகோணம் பகுதியில் நீரிழிவுச் சிகிச்சை மையம் ஒன்றில் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் நெல் பயிரிடுபவர்கள் அல்லது நெல் வயலில் கூலி வேலை செய்பவர்கள். அவர்களுடைய உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு எப்படியும் வயலுக்குப் போய்விடும். முன்பெல்லாம் அதை ஆலோசனையிலிருந்து விலகிய பேச்சு என்று நினைத்து இடைமறிப்பேன். இப்போது இடைமறிப்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு குறுவைப் பருவத்தில், திருவையாறு பக்கத்திலிருந்து அறுபது வயதைத் தொட்ட விவசாயி ஒருவர் மனைவியுடன் வந்தார். முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டதற்கு, "நாம என்னம்மா, சோறுதான்" என்றார். அந்தப் பதில் போதாது என்பதால், அவருக்கென்று ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி எடுப்பீர்கள் என்று அவருடைய மனைவியிடம் கேட்டேன். காலை இட்லி மாவுக்குப் போகும் பங்கையும் சேர்த்து விரல் விட்டு எண்ணிவிட்டு, "மூணு ஆழாக்குக்குக் குறையாது" என்றார். அது ஏறத்தாழ 400 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே நாளொன்றுக்கு 250 கிராம் போதும் என்கிறது. பருப்பு, பயறு அல்லது முட்டை, மீன், இறைச்சி என்ற வகைக்கு அதே தட்டில் 85 கிராம் ஒதுக்கியிருக்கிறது. இவருடைய தட்டில் பருப்பு என்பது சாம்பாரில் கரைந்திருந்த ஒரு கைப்பிடியின் பங்கு மட்டுமே.

இவர் விதிவிலக்கு அல்லர். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2025இல் தெரிவித்தது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று அதே ஆய்வுத் தொடர் 2023இல் கணக்கிட்டிருந்தது.

இதற்கும் பருவநிலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மனிதர்களால் வெளியாகும், பூமியைச் சூடேற்றும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவு உற்பத்தி முதல் கழிவு வரையிலான சங்கிலியிலிருந்து வருகிறது. இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மாட்டிறைச்சியைக் குறையுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அமெரிக்கத் தட்டுக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால் கிலோ கறி எடுத்து ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அதைச் சொல்வதில் பொருளில்லை. நம் தட்டில் பேச வேண்டியது சோறு.

வயலில் தண்ணீர் இடைவிடாமல் நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போவதில்லை. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் தாளையும் வேரையும் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நீரில் குமிழியாக வருவதில்லை. நெற்பயிரின் தண்டில் உள்ள காற்றறைகள் வழியாகவே, புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலே போகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு அதிகமாகச் சூடேற்றக்கூடியது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த விவசாயி, "காய்ச்சலும் பாய்ச்சலுமா கட்டுனா வராதாம்மா?" என்று கேட்டார். அவருடைய கேள்வியிலேயே விடை இருந்தது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி தண்ணீர் கட்டுவதைத்தான் வேளாண் விஞ்ஞானிகள் பரிந்துரைக்கிறார்கள். மண் காயும்போது காற்று உள்ளே போகிறது, மீத்தேன் உற்பத்தி தடைபடுகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. ஆனால் இது பம்புசெட் வைத்திருப்பவரின் கையில் இருக்கிற அளவுக்கு வாய்க்கால் பாசனக்காரரின் கையில் இல்லை. முறை வைத்துத் தண்ணீர் வரும் இடத்தில், வந்த தண்ணீரை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாமல் யார் வயலைக் காயப் போடுவார்கள்?

மறுபக்கம், மாறும் பருவநிலை சோற்றையே மாற்றுகிறது. 2021 ஜனவரியில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாக் கதிர்கள் சாய்ந்து முளைத்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் ரகங்களைத் திறந்த வயலில் கூடுதல் கரியமில வாயுவில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. இந்த நூற்றாண்டிலேயே எட்டக்கூடிய வாயு அளவில் அரிசியின் புரதம் சராசரியாக 10 விழுக்காடும், இரும்புச்சத்து 8 விழுக்காடும், போலேட் என்னும் பி வகை வைட்டமின் 30 விழுக்காடும் குறைந்திருந்தன. கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகையும் போலேட் குறைபாடும் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதைத் தினமும் பார்க்கும் எனக்கு, அந்த 30 என்ற எண் எளிதில் கடந்துபோகக்கூடியதாக இல்லை.

ஆகவே சோற்றை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. ரேஷன் அரிசியால் பசியில்லாமல் இருக்கும் வீட்டில் ஓட்ஸ் வாங்கச் சொல்வது ஆலோசனை ஆகாது. சிறுதானியம் பற்றியும் ஒரு எச்சரிக்கை: தீட்டிய சாமையையும் வரகையும் அதே மூன்று ஆழாக்கு சமைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை இறங்கவில்லையே என்று வருபவர்கள் இருக்கிறார்கள். அளவுதான் முதல் மருந்து. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் தரும் கேழ்வரகை மட்டும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், அதுவும் கூழாகக் கரைத்து அல்ல, களியாகவோ அடையாகவோ.

அரிசியில் குறைத்த இடத்தைப் பயறு நிரப்ப வேண்டும். இந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தையோ பச்சைப் பயறையோ தெளித்து, மிச்ச ஈரத்திலேயே விளைய வைப்பவர்கள் அவர்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்வதால் அந்தப் பயிருக்கு யூரியா தேவை மிகக் குறைவு. யூரியா குறைந்தால் மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு பசுங்குடில் வாயுவும் குறைகிறது. ஆனால் விளைந்த பயறு முழுவதும் மூட்டையில் வியாபாரிக்குப் போய்விடுகிறது, வீட்டுக்கு ஒரு மரக்கால்கூட நிற்பதில்லை.

அந்தத் தம்பதியருக்கு நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி: அரிசியில் ஒரு ஆழாக்கு குறைக்கவும், மதியம் ஒரு கிண்ணம் சுண்டலோ கெட்டிப் பயறோ முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொடவும். மூன்று மாதம் கழித்து வந்தபோது கணவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.2 விழுக்காட்டிலிருந்து 8.1 விழுக்காடாக இறங்கியிருந்தது. அம்மையார் வேறொரு கணக்கு வைத்திருந்தார். "மாசம் நாலு கிலோ அரிசி மிச்சம்மா. இந்தத் தடவை பயறுல ஒரு மூட்டையை விக்கவேண்டாம்னு சொல்லிட்டேன்."