நைட் டியூட்டி நோட்டில் நம்மைப் பற்றியும் எழுதுவோம்

நர்சிங் படிக்கச் சேர்ந்த முதல் மாதமே காதில் ஓதிவிடுவார்கள்: எழுதாத வேலை செய்யாத வேலை. பி.பி. பார்த்தால் எழுது. ஊசி போட்டால் எழுது. டாக்டருக்குப் போன் போட்டால் எத்தனை மணிக்குப் போட்டாய், அவர் என்ன சொன்னார் என்று எழுது. இருபது வருஷமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். 2016-ல் என் கையில் பிறந்த குழந்தையின் எடையைக் கேட்டால் ரிஜிஸ்டரைப் புரட்டிச் சொல்லிவிடலாம். அந்த ராத்திரி எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் காட்ட ஒரு வரிகூடக் கிடையாது.

அந்த ராத்திரியைச் சொல்கிறேன். நான் இருந்தது 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம். அந்த 24 மணி நேரம் என்பது வேறொன்றுமில்லை, மூன்று நர்ஸ்கள்தான். காலைக்கு ஒருத்தி, மதியத்துக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி. ஒருத்தி லீவு போட்டால் மற்ற இருவரும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். இரவில் துணைக்கு ஒரு பணியாளர் அக்கா இருப்பார். டாக்டர் அழைத்தால் வருவார்.

அன்று தலைப்பிரசவம். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை பிறந்தது. அழுதது. ஆக்ஸிடோசின் பத்து யூனிட் போட்டு, தொப்புள் கொடி வெட்டி, நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று பார்த்துவிட்டுத் தையலுக்கு உட்கார்ந்தேன். தையல் விளக்கு ஒரு வாரமாக எரியவில்லை. அக்கா தன் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியே அந்தப் பெண்ணின் உறவுக்காரர்கள் இரண்டு பேர், நல்ல போதை, கிரில் கதவைப் பிடித்து உலுக்குகிறார்கள். “என்ன குழந்தைனு சொல்ல இவ்ளோ நேரமா?” அக்கா ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பினார். டார்ச்சும் கூடவே திரும்பியது. ஊசி என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

கையுறையைக் கழற்றினேன், குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன், புதுக் கையுறை மாட்டிக்கொண்டு மிச்சத் தையலையும் போட்டேன். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் கர்ப்பகால அட்டையை எடுத்தேன். எச்.ஐ.வி. நெகட்டிவ், மஞ்சள் காமாலை பி நெகட்டிவ். அந்த இரண்டு வார்த்தையைப் படிக்கும்வரை எனக்கு என் பையன் முகம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

ரிஜிஸ்டரில் எழுதினேன். பெண் குழந்தை, 2.8 கிலோ, தாய் நலம், சேய் நலம். என் விரலைப் பற்றி எழுதவில்லை. எரியாத விளக்கு, உலுக்கப்பட்ட கதவு எதுவும் எழுதவில்லை. அந்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய்.

ஊசி குத்துவது சின்ன விஷயம் என்று நாமே நினைப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குத்தினால் விரலைப் பிதுக்கி ரத்தம் எடுக்கிற பழக்கம் இன்னும் பலரிடம் உண்டு. வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தாலோ, இருக்கிறதா என்றே தெரியாவிட்டாலோ தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் உத்தமம், 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. காமாலை பி, அதாவது ஹெபடைடிஸ் பி கிருமி அப்படி இல்லை. தடுப்பூசி போடாதவருக்கு, சில நேரம் நூற்றில் முப்பது வரை போகும். ஆனால் அதற்கு மூன்று டோஸ் தடுப்பூசி இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தங்கைகளிடம் ஹெபடைடிஸ் பி போட்டாயிற்றா என்று கேட்டால் பாதிப் பேர் படிக்கும்போது முதல் டோஸ் போட்டதாக ஞாபகம் என்கிறார்கள். மற்ற இரண்டு டோஸ்? சிரிக்கிறார்கள்.

இந்த இடத்தில் 7,700-ன் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நாங்கள் எம்.ஆர்.பி. என்போம், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ் இடங்களுக்குப் பரீட்சை வைத்தது. எழுதித்தான் வந்தோம். சிபாரிசில் வந்தவர்கள் இல்லை. தொகுப்பூதியம், அதாவது மாதம் ஒரே மொத்தத் தொகை, 7,700, இரண்டு வருஷம் முடிந்தால் நிரந்தர ஊழியருக்குரிய காலமுறை ஊதியம் என்றார்கள். இரண்டு வருஷம் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வார்டில் அதே ஊசியைப் போடும் நிரந்தர சிஸ்டர் எங்களைப் போலப் பல மடங்கு வாங்கினார். அவர் மேல் தப்பில்லை, அவர் வாங்கியதுதான் சரியான சம்பளம்.

2017 நவம்பர் 27-ஆம் தேதி சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் மாநிலம் முழுக்க இருந்து வந்த நர்ஸ்கள் உட்கார்ந்தோம். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. மூன்றாம் நாள் உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது, வேலைக்குத் திரும்பினோம். தோற்றுப்போய்த் திரும்புவதாகத்தான் பஸ்ஸில் எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் 7,700 அதன் பிறகு 14,000 ஆனது. 2022-ல் 18,000 ஆனது. பணி நிரந்தரம் மட்டும் காலி இடத்தைப் பார்த்து, தவணை தவணையாக வருகிறது.

பிரசவ விடுப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு செவிலியர் மற்றும் பேறுகாலத் தாதியர் மன்றத்தில் பதிவு செய்யும்போது நமக்கு இரண்டு அடையாளம் தருகிறார்கள், நர்ஸ் என்றும் தாதி என்றும். அந்த மன்றமே 1926-ஆம் வருஷத்துச் சட்டத்தில் பிறந்தது. ஊரார் பிரசவத்தை எல்லாம் பார்க்கும் அந்தத் தாதி ஒப்பந்தத்தில் இருந்தால், அவள் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு இல்லை என்றார்கள். எங்கள் எம்.ஆர்.பி. செவிலியர் சங்கம் வழக்குப் போட்டது. ஒப்பந்த நிபந்தனை மகப்பேறு நலச் சட்டத்துக்கு மேலே போக முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கடைசியில் சொன்னது. தனி ஆளாக ஒருத்தி கேட்டிருந்தால் அவளுடைய விண்ணப்பம் ஏதாவது ஒரு மேஜையில் தூங்கியிருக்கும்.

நமக்குப் பூத்தூவ மட்டும் ஆள் குறைவே இல்லை. 2020 மே 3-ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மேல் பூ தூவின. நானும் டி.வி.யில் பார்த்துக் கண் கலங்கியவள்தான். கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டது. மாற்றுப் பணி தருகிறோம் என்ற அறிவிப்பு, அவர்கள் தெருவுக்கு வந்த பிறகு வந்தது.

சரி, தனியாருக்கு வருவோம். என் முதல் ஒன்பது வருஷம் அங்கேதான். சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு வருஷ பாண்டு. நடுவில் விட்டுப் போனால் ஐம்பதாயிரம் கட்டு என்றார்கள், சம்பளம் என்னவோ மூவாயிரத்துச் சொச்சம். சேவைப் பத்திரம் என்ற இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லி இந்திய நர்சிங் கவுன்சில் 2011-லேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. சர்டிஃபிகேட் உங்கள் சொத்து. சரிபார்க்கக் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு எடுத்து வாருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ‘இன்ன தேதியில் ஒப்படைத்தேன்’ என்று ஒரு கடிதம் எழுதி, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை. திரும்பி வாங்க எட்டு மாதம் அலைந்தேன்.

சம்பளத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. தனியார் நர்ஸ்களின் நிலையை ஆராயக் குழு போடும்படி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்றது அந்தக் குழு. 100-க்கு மேல் 200 வரை என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து சதவீதம். ஐம்பதுக்கும் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000-க்குக் குறையாமல். பரிந்துரைதான், தானாகச் சட்டம் ஆகாது. கேரளத்தில் 2011 முதல் ஒரு சங்கமாகத் திரண்ட தனியார் நர்ஸ்கள் 2017-ல் வேலை நிறுத்தம் வரை போய், 2018 ஏப்ரலில் அந்த 20,000-த்தைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் ஏற வைத்தார்கள். அதற்காக அவர்கள் அறிவித்திருந்த ஊர்வலம் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஆணை வந்தது. பாலக்காட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே படிப்பு, அதே வேலை, சம்பளம் வேறு.

ஆள் பற்றாக்குறையைப் பேசினாலே ‘அது நிர்வாகத்தின் விஷயம்’ என்பார்கள். இல்லை, அது நோயாளியின் விஷயம். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருத்தி, லீவுக்காக முப்பது சதவீதம் கூடுதல் ஆள். நர்சிங் கவுன்சிலின் கணக்கு இது. நான் இரவில் முப்பத்தெட்டு பேரைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை எடுத்து ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் தலையில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் கூடுகிறதாம். கலிஃபோர்னியாவில் இத்தனை பேருக்கு இத்தனை நர்ஸ் என்பதை 1999-ல் சட்டமாகவே போட்டுவிட்டார்கள், அதுவும் நர்ஸ் சங்கம் பல வருஷம் விடாமல் நின்றதால்தான்.

நிர்வாகத்திடம் போய் ‘ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்’ என்று சொல்லியிருக்கிறேன். ‘யாருக்கும்மா கஷ்டம் இல்ல?’ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள், எத்தனை நோயாளி, எத்தனை மணி நேரம் என்று பதிலுக்குச் சொல்ல என்னிடம் எண் இல்லை.

எனவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். டியூட்டி முடிந்ததும் ஐந்து வரி. தேதி, வந்த நேரம், உண்மையில் கிளம்பிய நேரம், எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ். ஊசி குத்தியதா, யாராவது கை நீட்டினார்களா, எது வேலை செய்யவில்லை. நோயாளி பெயர் வேண்டாம், அது அவர்கள் அந்தரங்கம். டியூட்டி ரோஸ்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள், மாத நடுவில் அது மாறும். ஊசி குத்தல் மட்டும் நோட்டோடு நிற்கக் கூடாது, அன்றே மேலிடத்துக்கு எழுத்தில் போக வேண்டும். சம்பளம் 21,000 வரை என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, பிடித்தம் செய்கிறார்கள் என்று சீட்டில் காட்டினால் மட்டும் போதாது, கட்டுகிறார்களா என்று பாருங்கள்.

அடி விழுந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்கென்றே 2008-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பத்து வருஷம் வரை சிறை. பாலியல் சீண்டல் என்றால், பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் அதை விசாரிக்க உள் குழு இருந்தாக வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார் என்று பிரச்சினை வருவதற்கு முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கேட்ட பிறகுதான் குழுவே அமைப்பார்கள்!

சங்கம் என்றாலே வீட்டில் பயப்படுவார்கள். என் மாமியார், ‘கொடி புடிக்கவா உன்ன வேலைக்கு அனுப்பினோம்’ என்றார். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் விண்ணப்பித்தால் ஆயிற்று. கூடவே அந்த இடத்தில் வேலை செய்பவர்களில் பத்து சதவீதம் பேரோ அல்லது நூறு பேரோ, எது குறைவோ அது, உறுப்பினராக வேண்டும். கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்க்கலாம். தர்ணா என்றால் பிரசவ அறையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் யார் யார் நிற்பது என்று முந்தின நாளே பட்டியல் போட வேண்டும். எங்களில் இதில்தான் சண்டை வந்தது, எல்லோருக்கும் தர்ணாவுக்குப் போகத்தான் ஆசை.

போன வருஷம் எங்கள் வட்டாரத்து நர்ஸ்கள் பதினொரு பேர் ஆறு மாத நோட்டைக் கூட்டிக் கழித்து இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதினோம். தனியாகப் பார்த்த இரவுகள் எத்தனை, தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரம் நின்ற நாட்கள் எத்தனை, ஊசி குத்தல் ஐந்து, வாசலில் தகராறு பதினேழு. அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பதினேழா? ஏம்மா இத முன்னாடியே சொல்லல?” என்றார். முன்னாடியும் சொல்லித்தான் இருந்தோம். ஒன்றும் பேசாமல் நின்றோம்.

ஆறாவது வாரம் தையல் விளக்கு வந்தது. கிரில்லுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் வந்தது, வாசலில் கேமராவும். இரவுக்கு இரண்டாவது நர்ஸ் இன்னும் வரவில்லை. நோட்டில் இன்று நூற்றுப் பன்னிரண்டாவது பக்கம், மூன்றாவது நோட்டு வாங்கியாயிற்று.