ரீகாயில்: ஓடுவதா, ஒதுங்குவதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில், சிறு உலோக உருவங்களாக, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொண்டிருந்தன. என் ஈட்டிப்படை ஒன்று நண்பருடைய ஈட்டிப்படையை வென்றது. அவர் தன் தட்டை, அதாவது வீரர் உருவங்கள் ஒட்டிய சிறு அடித்தகட்டை, கையில் எடுத்தார், வீரர்களின் முதுகு என் பக்கம் தெரியும்படி திருப்பினார், கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஏன் திருப்புறீங்க?"

"ரீகாயில்னா பின்வாங்கி ஓடுறதுதானே?"

இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. விதி சிக்கலானது என்பதால் அல்ல. ரீகாயில் என்ற அந்த ஆங்கில விதிச்சொல்லைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று நாங்கள் முடிவுசெய்யாததுதான் காரணம்.

நாங்கள் ஆடுவது டி.பி.ஏ. விரித்துச் சொன்னால் 'டே பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்', லத்தீனில் 'பண்டைக்காலப் போர்களைப் பற்றி'. சிறு உலோக உருவங்களை வைத்து ஆடும் போர் விளையாட்டு. பெயரில் பண்டைக்காலம் இருந்தாலும் இடைக்காலப் படைகளும் இதில் உண்டு. ஃபில் பார்க்கர் என்ற ஆங்கிலேயரின் முன்னெடுப்பில், வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1990இல் வெளியிட்டது. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே தட்டுகள். எதிராளியைவிட அதிகமாக இழந்து, இழப்பு நான்கைத் தொட்டால் தோல்வி. ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். விதிகளும் சில பக்கங்கள்தான். ஆனால் பார்க்கர் எழுதும் ஆங்கிலம் இருக்கிறதே, அதற்கு ஆட்டக்காரர்கள் 'பார்க்கரீஸ்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நன்னூல் சூத்திரம் மாதிரி: ஒரு சொல்லை எடுத்தால் வாக்கியம் சரிந்துவிடும், உரை இல்லாமல் படித்தால் புரியாது. அவர் ஒரு சொல்லை ஒரு பொருளில் மட்டும் ஆள்வார். நாம் அதற்கு அன்றாடப் பொருளைக் கொண்டுவந்தால் தடுக்கி விழுவோம்.

ரீகாயில் அப்படித் தடுக்கிவிடும் சொல்.

அதன் பிறப்பு கொஞ்சம் கூச்சப்படவைக்கும். பழைய பிரெஞ்சில் 'ரெக்யூலே' என்றால் பின்னால் போவது. 'ரெ' என்பது பின்னோக்கி என்று காட்டும் முன்னொட்டு. 'க்யூ' என்பது பிட்டம். லத்தீன் 'கூலுஸ்' என்பதிலிருந்து வந்தது. முட்டுச்சந்தை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் 'குல் தெ சாக்' என்பார்கள், பையின் அடிப்பக்கம் என்று பொருள். அதில் இருப்பதும் இதே சொல்தான். ஆக, ரீகாயில் என்பது நேர்ப்பொருளில் 'பிட்டம் போகிற பக்கமாகப் போவது'. துப்பாக்கி சுட்டதும் தோளில் உதைப்பது, பாம்பைக் கண்டு வெடுக்கென்று பின்னால் துள்ளுவது எல்லாம் பிற்பாடு இதே சொல்லில் வந்து சேர்ந்த பொருள்கள்.

கவனித்தால், துப்பாக்கி உதைக்கும்போது திரும்பிக்கொள்வதில்லை. குழல்வாய் இலக்கைப் பார்த்தபடியேதான் பின்னால் வருகிறது. விதிப்புத்தகத்து ரீகாயிலும் அதுதான்: தட்டு திரும்பாமல், முகம் எதிரியைப் பார்த்தபடி, நேராகப் பின்னால் நகர வேண்டும். எவ்வளவு தூரம்? ஈட்டிப்படை என்றால் தன் தட்டின் ஆழம். 15 மில்லிமீட்டர் உருவங்களுக்கு அந்தத் தட்டின் அகலம் 40 மில்லிமீட்டர், ஆழம் 15. அந்த 15 மில்லிமீட்டர்தான், ஒரு சுண்டுவிரல் அகலம். எவ்வளவு புள்ளி வித்தியாசத்தில் ரீகாயில் ஆனாலும் அந்தத் தூரம் அதிகமாகாது. என் நண்பர் விட்டிருந்த இடைவெளியில் ஒரு யானையை நிறுத்தலாம்.

எப்போது ரீகாயில், எப்போது அழிவு என்பதும் பலரைக் குழப்புகிறது. ஈட்டியும் ஈட்டியும் மோதுகின்றன, இரண்டுக்கும் அடிப்படை எண் 4, வேறு கூட்டலும் கழித்தலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நான் பகடையில் 5 போட்டேன், மொத்தம் 9. அவர் 2, மொத்தம் 6. அவர் தோற்றார், ஆனால் 6 என்பது 9இல் பாதிக்கு மேல். எனவே ரீகாயில். அதே மோதலில் நான் 6 போட்டு 10 எடுத்து, அவர் 1 போட்டு 5 எடுத்திருந்தால், அது சரியாகப் பாதி. தட்டைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். பாதி என்ற கோடு இங்கே 'பாதியும் அதற்குக் கீழும்'. சச்சரவு வருவதெல்லாம் இந்தக் கோட்டின் மேல் சரியாக உட்காரும் எண்ணில்தான். இது ஈட்டிக்கு ஈட்டி கணக்கு. குதிரை, வில், யானை என்று வந்தால் யார் யாரை எப்படி முடிப்பார் என்பதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, அதை இங்கே இழுக்கவில்லை.

இன்னொன்று, என்னைப் பொறுத்தவரை ஆட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. பின்னால் நகர வேண்டிய தட்டின் பக்கவாட்டிலோ முதுகிலோ எதிரித் தட்டு ஒன்று தன் முன்விளிம்பால் ஒட்டி நின்றால், நகர்தல் என்பதே கிடையாது, அந்தத் தட்டு அழிந்தது. ஆங்கில ஆட்டக்காரர்கள் இப்படிப் பக்கத்தை அடைப்பதைக் கதவைச் சாத்துவது என்பார்கள். ரீகாயிலை 'ஓடுவது' என்று புரிந்துகொண்டவருக்கு இந்த விதி அநியாயமாகத் தெரியும்: பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, ஓட வேண்டியதுதானே? ஆனால் ஈட்டிக்காரன் ஓடவில்லை. வரிசை குலையாமல், கேடயத்தை முன்னால் பிடித்தபடி அடியடியாகப் பின்னால் வைக்கிறான். விலாவில் ஒருவன் குத்திக்கொண்டிருக்கும்போது அது நடக்காது. சொல் சரியாகப் புரிந்தால் விதியும் நியாயமாகிவிடுகிறது.

பின்னால் நம் படையே நின்றால்? அது அதே திசையைப் பார்த்து நின்றால், சில வகைகள் ஊடே புகுந்து போகலாம், மற்றவை அதையும் தள்ளிக்கொண்டு போகும். வென்றவன் பின்தொடர்வானா என்பது ஆட்டக்காரர் விருப்பமில்லை. பண்டைய ஐரோப்பாவின் கோல் இனத்தாரைப் போன்ற ஆவேசக் கூட்டம் தொடர்ந்தே ஆக வேண்டும், நமக்கு இஷ்டமில்லாவிட்டாலும்.

ரீகாயிலுக்கு வரலாற்றில் நான் கண்ட சிறந்த படம், அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய பண்டைய கிரேக்க ஆசிரியர் அரியன் எழுதியது. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரும் போரஸும் மோதிய போர். போரஸின் யானைகள் களைத்துவிட்டன, பாயத் தெம்பில்லை. அவை எதிரியைப் பார்த்தபடியே, கப்பல்கள் துடுப்பை எதிர்த்திசையில் வலித்துப் பின்னால் போவதைப் போல, பிளிறிக்கொண்டே மெல்லப் பின்னால் நகர்ந்தன என்கிறார். பழைய கிரேக்கப் போர்க்கப்பலின் ஆயுதம் அதன் முகப்பில் இருக்கும் இடிமூக்கு. திரும்பினால் செத்தோம் என்று அந்தக் கப்பல்காரர்களுக்குத் தெரியும். நண்பரிடம் இதைச் சொன்னதும் தட்டைத் தானாகவே திருப்பி வைத்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'பின்வாங்கல்' முதலில் வாயில் வரும். ஆனால் அது தானே முடிவுசெய்து போவது. மனு கொடுத்தவர் போட்டியிலிருந்து பின்வாங்குகிறார், தளபதி உத்தரவிட்டுப் படையைப் பின்வாங்கச் செய்கிறார். ரீகாயிலில் யாரும் உத்தரவிடவில்லை, அடிபட்டு நகர்கிறான். 'பின்னடைவு' வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்த சொல். வேட்பாளர் பின்னடைவு என்றால் அவர் நகரவில்லை, எண்ணிக்கையில் பின்னால் இருக்கிறார், அவ்வளவுதான். 'புறமுதுகு' இங்கே கூடவே கூடாது.

ஏனென்றால் தமிழ் இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தைவிடக் கறாராகப் பார்த்த மொழி. புறங்கொடுத்தல், புறங்காட்டல், முதுகிடுதல் எல்லாமே முதுகைத் திருப்புவதைப் பற்றியவை. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்தது சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பட்டு முதுகுவழியே புண்ணாக்கியது. அவன் திரும்பவில்லை, ஓடவில்லை. ஆனாலும் முதுகில் புண் இருக்கிறதே என்று நாணி வடக்கிருந்தான். இப்படிக் கணக்குப் பார்த்த மொழியில் ரீகாயிலுக்குப் 'புறமுதுகு' என்று எழுதினால் பாவம், அந்த ஈட்டிக்காரனுக்குச் செய்யும் அவதூறு.

குறளில் இரண்டு சொற்கள் கிடைத்தன. எறிந்த வேலைக் கண்டு விழித்த கண் இமைத்தாலே அது வீரருக்கு 'ஓட்டு' என்கிறது ஒரு குறள். ஓட்டு என்றால் தோற்றோடல். விதிகளில் 'ஃப்ளீ' என்று வருமே, தட்டைத் திருப்பி ஓடவைப்பது, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டாம். தேர்தல் ஓட்டோடு குழம்பும் என்றார் நண்பர். ஈட்டியோடு வரிசைகட்டி நிற்பவனுக்கு அந்த நினைப்பு வராது என்றேன். இன்னொரு குறள், ஊக்கமுடையவன் அடங்கியிருப்பது சண்டைக்கடா தாக்குவதற்காகப் பின்னால் 'பேர்வது' போன்றது என்கிறது. கடா முகத்தைத் திருப்பாது, கொம்பு எதிரியை நோக்கியே இருக்கும். படம் அச்சு அசலாக ரீகாயில். எடுத்துக்கொள்ளக் கை நீண்டது, ஆனால் அந்தக் கடா தன் விருப்பத்தோடு போகிறது. அதனால் பேர்தலைத் தனியே எடுத்து வைத்தேன். மோதலிலிருந்து ஒரு படை தன் முறையில் தானாக விலகிக்கொள்வதற்கு அது உதவும்.

மிஞ்சியது இடைதல். எதிரியின் அழுத்தம் தாங்காமல் பின்னே சாய்வது, வழிவிடுவது, தோற்று ஒதுங்குவது என்று அகராதிப் பொருள்கள். பின்னிடைதல் என்று சேர்த்தால் திசையும் வந்துவிடுகிறது. முதுகு அந்தச் சொல்லில் எங்குமில்லை. விருப்பமும் இல்லை. பலகைமேல் சொல்லவும் வசதி: "உன் ஈட்டி பின்னிடை." ஒரே தொல்லை, கைபேசியில் 'பின்னிடைவு' என்று தட்டினால் அது விடாமல் 'பின்னடைவு' என்று மாற்றுகிறது. நானே இந்தக் கட்டுரையில் மூன்று இடத்தில் திருத்தினேன்.

இப்போது எங்கள் பலகையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறது: ரீகாயில் — பின்னிடைவு, திருப்பாதே. ஃப்ளீ — ஓட்டு, திருப்பு. அதன் கீழே நண்பர் தன் கையெழுத்தில் சேர்த்தது: பக்கம் அடைபட்டால் இரண்டும் இல்லை, டப்பாவுக்குள்.