ஊசிப் பரிமாற்றமா, புது ஊசி வழங்கலா?

போன மாதம் காரைக்குடியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் துண்டறிக்கை கொடுத்தார்கள். போதை மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு எச்.ஐ.வி.யும், ஹெபடைடிஸ் என்கிற கல்லீரல் அழற்சியும் தொற்றாமல் இருக்க என்ன வழி என்பது விஷயம். அவசியமான விஷயம்தான். ஆனால் அதில் அடுத்தடுத்து இரண்டு வரிகள்: ‘ஊசிப் பகிர்வைத் தவிர்ப்போம். ஊசிப் பரிமாற்றத்தில் இணைவோம்.’

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்: “என்ன தம்பி, ஒருத்தர் ஊசிய ஒருத்தர் மாத்திக்கிடச் சொல்றாக? சீக்கு ஒட்டிக்கிடாதா?”

ஆச்சி சரியாகத்தான் படித்தார்கள். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள். போட்ட ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிற திட்டத்துக்குத் தமிழில் வைத்த பெயர்தான் ‘ஊசிப் பரிமாற்றம்’. இந்தத் தொடரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

மாறு, மாற்று என்பதுதான் வேர். உப்பைக் கொடுத்து நெல் வாங்கிய காலத்திலிருந்து அது வணிகச் சொல், பண்டமாற்று என்கிறோம். ‘பரி’ சேர்ந்து பரிமாறு, பரிமாற்றம் என்றானது. அந்தப் ‘பரி’ வடமொழி, அதற்காகவே சொல்லை ஒதுக்க வேண்டும் என்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. என் குறை பொருளில்.

இலையில் பரிமாறுவது ஒரு பொருள். இன்னொரு பொருள், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது. கடிதப் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம் என்றால் என்னுடையது உங்களிடம் வரும், உங்களுடையது என்னிடம் வரும். அப்படியானால் ஊசிப் பரிமாற்றம் என்பது? நான் போட்ட ஊசி உங்கள் கைக்கு வருவது. கிருமி பரவும் வழியே அதுதான்! ஒருமுறை போட்ட ஊசிக்கும் குழலுக்கும் நடுவில் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடும். ஹெபடைடிஸ் சி வைரஸ் ஊசிக்குழலுக்குள் 63 நாள் வரை தொற்றும் நிலையில் இருக்க முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. எதைத் தடுக்க வேண்டுமோ அதன் பெயரையே தடுக்கிற திட்டத்துக்கு வைத்திருக்கிறோம்.

ஆங்கிலத்தில் நீடில் எக்ஸ்சேஞ்ச் என்றபோது இந்தக் குழப்பம் இல்லை. கடையில் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குவதும் அவர்களுக்கு எக்ஸ்சேஞ்ச்தான். 1984-ல் ஆம்ஸ்டர்டாமில், ஹெபடைடிஸ் பி பரவுகிறதே என்று போதை மருந்து பயன்படுத்துபவர்களின் சங்கமே முன்னின்று இதைத் தொடங்கியது. போட்ட ஊசியைக் கொண்டுவந்தால் புது ஊசி கிடைக்கும், அவ்வளவுதான். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டார். எது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று அவர் யோசிக்கவே இல்லை.

ஆச்சிக்கு விளக்கிச் சொன்னேன். “அட, பழசப் போட்டுப் புதுசு வாங்குறதா? பாத்திரக் கடையில செய்யிற மாதிரி” என்றார்கள். சீர் பாத்திரம் அடுக்கி வைத்திருக்கிற வீடுகள் நிறைந்த ஊர் இது. பழைய பித்தளையைப் போட்டு வேறு வாங்குவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

பேச்சுக்கு ஆச்சியின் சொல் போதும். திட்டத்தின் பெயராக வைக்க மட்டும் எனக்குத் தயக்கம். பழசு கொண்டுவரவில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அன்று இரவு அவர் அடுத்தவர் ஊசியைத்தான் தேடுவார். அதனால் பழசு கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று பல இடங்களில் இப்போது கட்டாயப்படுத்துவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் எக்ஸ்சேஞ்ச் என்பதை விட்டுவிட்டு ஊசி, ஊசிக்குழல் திட்டம் என்றே எழுதுகிறது. புது ஊசி கொடுப்பதுதான் முக்கியம். பழசை வாங்கி வைப்பது, குப்பை அள்ளுபவர் கையில் அது குத்தாமல் இருக்க. ஆகவே ‘புது ஊசி வழங்கல்’. ‘ஊசி மாற்றீடு’ என்று ஒருவர் சொன்னார். எதை எதாக மாற்றுவது என்று அதற்கும் ஒரு விளக்கம் வேண்டும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. எச்.ஐ.வி. தொற்றைக் குறைக்கச் சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமாகாது என்று 2017-ல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமே சொல்கிறது. ஆனால் களப்பணியாளரின் பையைத் திறந்து பார்க்கிற காவலரோ, பெற்ற தாயோ, ‘ஊசிப் பரிமாற்றம்’ என்று படித்தால் என்ன நினைப்பார்கள்?

‘பகிர்வு’ அதைவிட மோசம். சோற்றைப் பகிர்வோம், துயரத்தைப் பகிர்வோம். கேட்டாலே மனசு இளகுகிற சொல். அதைக் கொண்டுபோய் எச்சரிக்கையில் வைத்தால் எச்சரிக்கை எங்கே இருக்கும்? ‘ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது’ என்று எழுதுங்கள். நீளமாக இருந்தால் இருக்கட்டும்.

அதே தாளில் ‘மாற்றுச் சிகிச்சை’ என்றும் இருந்தது. ஹெராயின் ஊசிக்குப் பதிலாகப் புப்ரினார்பின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கக் கொடுக்கும் சிகிச்சை அது. படிப்பவர் ஒருவருக்குச் சிறுநீரக மாற்று நினைவுக்கு வரும், இன்னொருவருக்குச் சித்த மருத்துவம். ‘பதில் மருந்து’ என்று சொல்லலாமே? பதில் உருது வழி வந்த சொல் என்பார்கள். வரட்டும், ஊரே பேசுகிற சொல் அது.

கூட்டம் முடிந்ததும் அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, கீழே இப்படி எழுதி நடத்தியவர்களிடம் கொடுத்தேன்: ‘ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடாதீர்கள். புது ஊசி இலவசமாகத் தருகிறோம். பழைய ஊசி இருந்தால் எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.’ கொடுப்பதற்கு முன் ஆச்சியிடம் காட்டினேன். ஒரே தடவைதான் படித்தார்கள்.