புங்க எண்ணெயில் பம்ப்செட் ஓடுமா?

செக்கில் ஆட்டிய புங்க எண்ணெயை அப்படியே டீசல் பம்ப்செட்டில் ஊற்றலாமா என்று ஒரு வாசகர் கேட்கிறார். ஊற்றினால் ஓடும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே நிலக்கடலை எண்ணெயில் ஒரு டீசல் என்ஜின் ஓடியது. தொடர்ந்து ஓட்டினால்தான் சிக்கல். புங்க எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிசுக்கானது. இன்ஜெக்டரிலிருந்து புகையாகத் தூவ வேண்டியது பெருந்துளிகளாக விழும். அரைகுறையாக எரிந்து முனையில் கரி கட்டும். எரியாத மிச்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி என்ஜின் ஆயிலைக் கூழாக்கும்.

இந்தப் பிசுக்கைப் போக்கி எண்ணெயைப் பயோடீசலாக்கும் வினைதான் எனக்கு வேதியியலிலேயே மிகவும் பிடித்தது. எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலில் கோத்த மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள். காஸ்டிக் சோடாவை மெத்தனாலில் கரைத்தால் மெத்தாக்சைடு அயனி பிறக்கிறது. அது சங்கிலியின் வேரில் உள்ள கார்பனைத் தாக்கி, அந்தச் சங்கிலியைத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. விடுபட்ட கிளிசரால் பக்கம் அருகிலுள்ள மெத்தனாலிடமிருந்து ஒரு புரோட்டானைப் பறிக்க, அந்த மெத்தனால் புதிய மெத்தாக்சைடு ஆகிவிடுகிறது! வினையூக்கி தீருவதே இல்லை. மூன்று சங்கிலிகளும் கழன்றால் மூன்று பயோடீசல் மூலக்கூறுகள், ஒரு கிளிசரால்.

1 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 250 மி.லி. மெத்தனால். கணக்குப்படி பாதி போதும். ஆனால் இது மீள்வினை, அதிகம் ஊற்றினால்தான் முன்னோக்கி நகரும். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். மெத்தனால் 65 டிகிரிக்குள் கொதித்துவிடும், அதன் ஆவி நஞ்சு, தீயும் பிடிக்கும். ஆகவே மூடிய கலன், காற்றோட்டம், அருகில் அடுப்பு கூடாது. ஓர் இரவு வைத்தால் கிளிசரால் கருப்பாக அடியில் தங்கும்.

காஸ்டிக் சோடா எவ்வளவு? 1 மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, லிட்டருக்கு 1 கிராம் சோடா கரைத்த நீரைச் சொட்டுங்கள். இளஞ்சிவப்பு நிலைக்கச் செலவான மில்லியோடு 3.5 கூட்டினால், லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம். செலவு 3 மில்லியைத் தாண்டினால் நிறுத்துங்கள். தனித்து அலையும் கொழுப்பு அமிலம் மிகுந்துவிட்டது. சோடா அதோடு சேர்ந்து சோப்பாகும், கழுவும்போது தயிர்போலக் கலங்கிப் பிரியாது. அப்படிப்பட்ட எண்ணெய்க்கு முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து ஒரு சுற்று நடத்தியாக வேண்டும்.

தனித்து அலையும் கொழுப்பு அமிலம் பெருகுவது பெரும்பாலும் களத்தில்தான். காயாத விதையைக் குவித்து வைத்தால், விதையின் சொந்த நொதியே ஈரத்தின் துணையோடு எண்ணெயை அறுக்கத் தொடங்கும். விளைச்சல் தெரியாமலே பயோடீசலுக்காகக் காட்டாமணக்கை ஏக்கர் ஏக்கராக நடக் கொட்டிய பணத்தில் கொஞ்சம் விதை உலர்த்தும் களங்களுக்கும் போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கிளிசராலுக்கு மேலே நிற்கும் பயோடீசலைப் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் குலுக்காமல் கழுவி, கலங்கல் தெளியும்வரை சூடாக்கி ஈரம் போக்குங்கள். முதலில் டீசலோடு 20 விழுக்காடு கலந்து ஓட்டுவது நல்லது. பயோடீசல் டேங்கில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். தொடக்கத்திலேயே பில்டர் அடைத்தால் பயப்படாமல் மாற்றுங்கள். இயற்கை ரப்பர் குழாய்கள் ஊறி உப்பும், அவற்றையும் மாற்றியாக வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் மட்டும் சேமிக்காதீர்கள். சீக்கிரம் கெட்டுப் பிசினாகும்.