பந்து கைக்கு வந்ததும் தட்டாதே

எங்கள் சிமெண்ட் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலானவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பாஸ் கைக்கு வரும். அடுத்த நொடியே பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். ஏன் தட்டினாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓரடி கூட நகர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு தட்டோடு டிரிப்ளிங், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே நகரும் வாய்ப்பு போய்விட்டது. மறுபடி தட்டினால் டபுள் டிரிப்ளிங் என்ற தப்பு. எதிரில் நிற்பவனுக்கு இது உடனே புரிந்துவிடும். இனி இவனால் ஓட முடியாது என்று மேலே வந்து ஒட்டிக்கொள்வான். பையன் பதறிப்போய் எங்கேயோ பாஸ் போடுவான், பந்து அந்தப் பக்கம் போய்விடும். பள்ளி மேட்சுகளில் இப்படி எத்தனை பந்துகள் வீணாகின்றன என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், மனசு கஷ்டமாகிவிடும்.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு முதல் பாடம் பந்தைத் தட்டாமல் இருப்பதுதான். பந்தைப் பிடி, முழங்காலை மடக்கு, பந்தை நெஞ்சுக்குக் கீழே ஒட்டி வை, தலையை நிமிர்த்தி ரிங்கைப் பார். ட்ரிபிள் த்ரெட் என்கிறோமே, அது இதுதான். அந்த நிலையிலிருந்து ஷூட் பண்ணலாம், பாஸ் கொடுக்கலாம், தட்டிக்கொண்டு உள்ளே போகலாம். மூன்றில் எதைச் செய்யப்போகிறாய் என்று தெரியாதவரை டிஃபெண்டர் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான். ஒரு மீட்டருக்குள் நெருங்கி வந்து மறித்தாலும் பந்தைக் கையில் வைத்திருக்க விதி 5 நொடி தருகிறது. வாய்விட்டு ஐந்துவரை எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நேரம் என்று தெரியும்.

அடுத்தது நிற்பது. ஓடக் கற்றுத் தரவே தேவையில்லை, பிள்ளைகள் ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள். நிற்கத்தான் தெரியாது. அந்தரத்தில் பந்தைப் பிடித்து இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் படும்படி இறங்குவதை ஜம்ப் ஸ்டாப் என்கிறோம். அப்படி நின்றால் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட்டாக, அதாவது இடம் மாறாத அச்சாக, ஊன்றித் திரும்பலாம். ஒரு கால் முந்தி ஒரு கால் பிந்தி இறங்கினால் முதலில் பட்ட கால்தான் பிவட், அதைத் தூக்கி வைத்துவிட்டு டிரிப்ளிங் தொடங்கினால் டிராவலிங் என்ற தப்பு. டிராவலிங் என்று விசில் அடித்தால் பிள்ளைகள் குனிந்து கையைப் பார்க்கிறார்கள். தப்பு நடந்தது காலில்.

ஷூட்டிங்குக்கு வருவோம். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீஃபன் கரி தூரத்திலிருந்து போடுவதைப் பார்த்துவிட்டு பத்து வயதுப் பையன் 6.75 மீட்டர் தள்ளியிருக்கும் த்ரீ பாயிண்ட் கோட்டிலிருந்து எறிகிறான். அதுவும் 7-ஆம் எண் பந்தை. பெரிய ஆண்கள் ஆடும் அந்தப் பந்து சுமார் 600 கிராம். சின்னக் கைக்கு அது மேலே போகாது, அதனால் இடுப்பிலிருந்து உடம்பையே வளைத்து வீசுகிறான். அந்த வளைவு பழகிவிட்டால் பிறகு திருத்த எனக்கு வருடக்கணக்கில் ஆகிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் 5-ஆம் எண் பந்து வாங்கிக் கொடுங்கள். மினி பாஸ்கெட்பாலில் ரிங்கின் உயரமே 3.05 மீட்டர் இல்லை, 2.60 மீட்டர்தான். உங்கள் மைதானத்தில் அந்த வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை, ரிங்குக்குப் பக்கத்தில் நின்று அதன் பின்னால் இருக்கும் போர்டில் பட்டு விழும்படி போடட்டும். டிம் டங்கன் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் சான் ஆன்டோனியோ அணிக்கு ஐந்து சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவர். பக்கவாட்டிலிருந்து போர்டில் அடித்துப் போடும் அந்தச் சாதாரண ஷாட்தான் அவருடைய அடையாளமே. அடிப்படைகளில் பெரிய ஆள் என்ற பொருளில் ‘பிக் ஃபண்டமென்டல்’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள்.

சரி, நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஷூட் பண்ணினாலும், உள்ளே விழாமல் திரும்பி வரும் பந்தைத் தாவிப் பிடித்து ரீபவுண்ட் எடுத்தாலும் கடைசியில் தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு பெண் நன்றாகத் தாவுவாள். இறங்கும்போது மட்டும் இரண்டு முழங்காலும் உள்பக்கமாக ஒன்றையொன்று தொட வரும். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டியதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் தினமும் பயிற்சிக்கு முன்னால் கேலரியின் கீழ்ப்படியிலிருந்து குதிக்கச் சொன்னேன். முழங்கால் பாதத்துக்கு நேராக மடங்க வேண்டும், இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது. முதல் வாரம் தொப்பு தொப்பென்று விழுந்தாள். இரண்டு மாதம் போனபிறகு பூனை மாதிரி இறங்கினாள்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழியும் ஆபத்து இந்த ஆட்டத்தில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே, திடீரென்று நிற்கும்போதும் இறங்கும்போதும்தான் கிழிகிறது. மகள் வீட்டுக்கு வந்து “முழங்காலில் டப்புனு சத்தம் கேட்டுச்சு” என்று சொல்லி, சில மணி நேரத்தில் வீக்கமும் வந்தால், எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். ஐஸ் வைத்து, காலை ஊன்ற விடாமல், எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வீக்கம் வடிந்து வலி குறைந்துவிட்டது என்று அடுத்த வாரமே ஆட அனுப்பவும் வேண்டாம். மேட்ச் இருக்கிறது என்று கோச் கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள்.