80, 125: ஜெனரிக் மாத்திரை பற்றிய ஒரு தப்புக் கணக்கு

“ஜெனரிக்கில மருந்து 20 சதவீதம் குறைச்சலா இருக்கலாமாம், விதியே விடுதாம்.” கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜெனரிக் என்றால், பிராண்டின் காப்புரிமை முடிந்தபின் மற்ற நிறுவனங்கள் அதே மருந்தை வைத்துச் செய்யும் மாத்திரை. விதியில் உள்ள 80, 125 என்ற இரண்டு எண்களைத் தவறாகப் படித்ததால் வந்த வினை இது.

அடோர்வாஸ்டாட்டினை எடுத்துக்கொள்வோம். ஃபைசர் நிறுவனம் லிப்பிட்டர் என்ற பெயரில் விற்ற மருந்து. 2011 நவம்பரில் அமெரிக்காவில் ஜெனரிக்குகள் வந்தன. எந்த அட்டையைப் பிரித்தாலும் உள்ளே அதே மூலக்கூறுதான். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை அது தடுக்கிறது. சொந்த உற்பத்தி குறைந்ததும், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை உருவாக்குகிறது. பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் நிறம் மாறலாம், வடிவம் மாறலாம், மாத்திரையைச் சேர்த்துப் பிடிக்கும் துணைப்பொருள்களும் மாறலாம்.

துணைப்பொருள் மாறினால் மாத்திரை கரையும் வேகமும் மாறக்கூடும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அதனால், ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சில பத்துப் பேருக்கு ஒரு சுற்றில் பிராண்டையும், இடைவெளி விட்டு அடுத்த சுற்றில் ஜெனரிக்கையும் கொடுக்கிறார்கள். குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து, மருந்தின் அளவு ஏறி இறங்குவதைக் கோடாக வரைகிறார்கள். கோட்டின் உச்சம் எவ்வளவு, அதன் கீழுள்ள மொத்தப் பரப்பு எவ்வளவு என்று இரண்டு மருந்துகளையும் ஒப்பிடுகிறார்கள்.

80, 125 என்பவை இந்த ஒப்பீட்டின் எல்லைகள்: பிராண்டின் அளவை 100 என்று வைத்தால், ஜெனரிக்கின் அளவு இவற்றுக்கு இடையில் இருக்க வேண்டும். மாத்திரையில் இருக்கும் மருந்தின் அளவு அல்ல. (ஐந்தில் நான்கைத் தலைகீழாக்கினால் நான்கில் ஐந்து, 125 வந்தது அப்படித்தான்.) சராசரி மட்டும் எல்லைக்குள் இருந்தால் போதாது. அந்தச் சராசரியில் இருக்கக்கூடிய பிழைக்கு இடம்விட்டுப் போடும் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி முழுவதும் உள்ளே அடங்க வேண்டும். உண்மையாகவே 20 சதவீதம் குறைவாக உறிஞ்சப்படும் மாத்திரை இதில் தேறுவது மிகவும் அரிது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1996 முதல் 2007 வரை நடந்த 2,070 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பரப்பில் சராசரி வித்தியாசம் 3.56 சதவீதம், உச்சத்தில் 4.35 சதவீதம்.

காகிதத்தில் சரி, உடம்பில்? அமெரிக்க முதியோரிடம் ஸ்டாட்டின்களை (அடோர்வாஸ்டாட்டின் சேர்ந்த மருந்து வகை) பற்றி நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஜெனரிக்கில் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை சேர்த்து 8 சதவீதம் குறைவு. ஜெனரிக்கில் மருந்து வீரியம் கூடியா போனது? இல்லை. விலை குறைவு என்பதால் விடாமல் சாப்பிட்டார்கள் என்பதே ஏற்கத்தக்க விளக்கம்.

தயாரிப்புக் கோளாறு வேறு கதை. 2012இல் கண்ணாடித் துகள் கலந்திருக்கலாம் என்று சில ஜெனரிக் அடோர்வாஸ்டாட்டின் தொகுதிகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. மாத்திரை மாறியபின் மருந்து வேலை செய்கிறதா என்ற சந்தேகத்துக்கு மட்டும் எளிய வழி இருக்கிறது: சில வாரம் கழித்து எல்டிஎல் பரிசோதனை செய்து, பழைய பரிசோதனை முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.